பி.எஸ்சி. இயற்பியல், அறிவியல் மையத்தில் இன்டர்ன்ஷிப்: பிற்பாடு வேலைக்கு உதவுமா?

கேள்வி, மார்ச் 1, 2025

சிவகங்கை மாவட்டம், அரசுக் கல்லூரி, பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. மே மாதம் இன்டர்ன்ஷிப் முடித்து சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பைத்தான் கோர்ஸ் பக்கம் போய்விட்டார்கள். எனக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். அறிவியல் மையம், கோளரங்கம் மாதிரி இடத்தில் செய்தால் பிற்பாடு வேலைக்கு உதவுமா? வீட்டில் "பொம்மை காட்டுறதுக்கா காலேஜ்ல சேத்தோம்" என்கிறார்கள்.

மார்ச் 2

உதவும். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை.

எம்.எஸ்சி. முடித்த கோடையில் ஓர் அறிவியல் மையத்தின் காட்சிக்கூடத்தில் நின்று பொம்மை காட்டியவன்தான் நானும். இப்போது ஓர் ஆய்வு நிறுவனத்தின் அவுட்ரீச் பிரிவில், அதாவது அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோகிற பிரிவில், இருக்கிறேன். கோடைக்கு மாணவர்களை எடுக்கும்போது விண்ணப்பங்களைப் படிக்கிற ஆட்களில் ஒருவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சர்டிபிகேட்டில் எந்த இடத்தின் பெயர் இருக்கிறது என்று நான் அதிகம் பார்ப்பதில்லை. நேரில் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "நீங்க பேசிட்டு இருக்கும்போது ஒருத்தர் பாதியில எழுந்து போயிருக்காரா? எந்த இடத்துல போனார்?" நின்றவர்களுக்கு இதற்குப் பதில் உடனே வரும். சும்மா கையெழுத்து வாங்கியவர்கள் "எல்லாரும் நல்லா கேட்டாங்க சார்" என்பார்கள்.

வகுப்பில் செமினார் எடுக்கும்போது எதிரில் இருப்பவர்கள் எழுந்து போக முடியாது, வருகைப்பதிவு இருக்கிறது. அறிவியல் மையத்தில் ஒரு குடும்பம் உங்கள் முன்னால் அரை நிமிடம் நிற்கும். பையன் பட்டனை அமுக்கிவிட்டு அடுத்த பட்டனுக்கு ஓடுவான். அவனை எது நிறுத்துகிறது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் அங்கே போக வேண்டும்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்தது வான் டி கிராஃப் ஜெனரேட்டர். கையை வைத்தால் முடி குத்திட்டு நிற்கும் அல்லவா, அதுதான். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் மின்னூட்டம் கசிந்துவிடும், பாதி நாள் முடி நிற்கவே நிற்காது. நாற்பது பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் நடக்காது. "ஏன் நடக்கல?" என்று அவர்களிடமே கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அந்த வேலை பிடிபட்டது. வேலை செய்த நாட்களை விட வேலை செய்யாத நாட்களில் நல்ல கேள்விகள் வந்தன.

மார்ச் 2, இரவு

வீட்டில் சொல்ல ஒரு வழி: "கவர்மென்ட் மியூசியம்" என்று சொல்லிப்பாருங்கள். கவர்மென்ட் என்ற வார்த்தைக்குப் பிறகு அப்பாக்கள் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

மார்ச் 4

எங்கே போவது என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அது மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரைச் சேர்ந்தது. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் 2017 முதல் 'ஜிக்யாசா' என்று ஒரு திட்டம் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அழைத்து வருவது, விஞ்ஞானிகள் பள்ளிக்குப் போவது. அப்படி ஒரு பேருந்து நிறைய பிள்ளைகள் வந்து இறங்கும் நாளில் கூட நிற்க ஓர் ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு வானியல்தான் வேண்டும் என்றால் திருச்சி அண்ணா அறிவியல் மையம் பக்கம், கோளரங்கமும் அங்கேயே. சென்னையில் கோட்டூர்புரம், பிர்லா கோளரங்கம் 1988இல் திறந்தது, பக்கத்திலேயே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம். கோவையில் மண்டல அறிவியல் மையம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் விட வேண்டாம். 1899இல் நிறுவியது, 1909இல் எவர்ஷெட் விளைவு (சூரியப்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வது) கண்டுபிடித்தது அங்கேதான். மே மாதம் ஊரே சுற்றுலாக் கூட்டம், அதில் ஒரு பகுதி அங்கேயும் ஏறி வரும். சூரியப்புள்ளி என்றால் என்னவென்று கேட்டுக்கொண்டு குளிருக்குத் தொப்பி போட்ட குடும்பங்கள் வந்து நிற்கும்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வேறு ரகம். 1980இலிருந்து இருக்கிறது, 'துளிர்' இதழ் நடத்துகிறார்கள், தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை இங்கே ஒருங்கிணைப்பதும் அவர்கள்தான். அங்கே இன்டர்ன்ஷிப் என்று யாரும் பலகை மாட்டி வைத்திருக்கவில்லை. போய் நின்றால் வேலை வரும், டீ வரும், கூட்டத்துக்கு நாற்காலி போடவும் சொல்வார்கள்.

எதற்கும் முதலில் ஹெச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) போனஃபைட், அதாவது அந்தக் கல்லூரி மாணவர் என்ற சான்று, வாங்கிக்கொண்டு, ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். "அறிவியலில் ஆர்வம் உண்டு" என்று எழுதாதீர்கள், அது எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. எந்தக் காட்சிப்பொருள் அருகில் நிற்க விரும்புகிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். அதற்கு ஒரு தடவை டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். அதுவே பாதி வேலை.

மார்ச் 5

ஸ்டைபெண்ட் பற்றி: பெரும்பாலும் கிடையாது. கிடைத்தால் பஸ் செலவுக்குத் தேறும். ஒரு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு செய்யுங்கள்.

யாராவது உங்களிடம் பணம் கேட்டால் மட்டும் ஓடிவிடுங்கள். "இன்டர்ன்ஷிப் கட்டணம்" வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பி, கடைசியில் க்யூ.ஆர். கோடு போட்ட சர்டிபிகேட் தருகிற கடைகள் நிறைய முளைத்திருக்கின்றன. அதில் பொம்மைகூட இல்லை.

மார்ச் 11

மார்ச் 5இல் எழுதியதற்கு ஒருவர் நல்ல சூடு வைத்திருக்கிறார். அவர் கேட்டது: "பல்லைக் கடிக்கிறது சரி சார், திருவல்லிக்கேணி மேன்ஷன்ல வாடகைய யார் கடிக்கிறது? பொண்ணுங்க மேன்ஷன்லயும் தங்க முடியாது."

நியாயம். ஆகவே மார்ச் 5இன் அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொண்டு வேறு மாதிரி சொல்கிறேன். சம்பளம் இல்லாத இடம் என்றால் வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்தில் மட்டும். பஸ் பாஸ் தாண்டிச் செலவு வந்தால் வேண்டாம். ஊர் மாறித் தங்க வேண்டிய இடம் என்றால் தங்குமிடமோ ஸ்டைபெண்டோ இரண்டில் ஒன்றாவது அவர்கள் தர வேண்டும், அதைக் கடிதத்திலேயே கூச்சப்படாமல் கேளுங்கள். எங்களிடம் கேட்டவர்களை நாங்கள் ஒருபோதும் தப்பாக நினைத்ததில்லை. கேட்காமல் வந்து, பாதியில் பணம் தீர்ந்து நின்றுபோனவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் துறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். பெரிய நகரத்தில் சொந்த வீடு இருந்தவர்கள், அல்லது என்னைப் போல சித்தப்பா வீட்டுத் திண்ணை கிடைத்தவர்கள். அந்தத் திண்ணை இல்லாதவர்கள் எத்தனை பேர் ஐ.டி.க்குப் போனார்களோ.

மார்ச் 12

திண்ணை என்றதும் "சென்னையில் ஏது சார் திண்ணை" என்கிறார் ஒருவர். பால்கனி. அதில் ஒரு கட்டில். போதுமா?

மார்ச் 20

வேறொரு கேள்வி: பேசுவது வேண்டாம், எழுதத்தான் விருப்பம், பத்திரிகையில் அறிவியல் செய்தி எழுத இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?

அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ.எஸ். என்ற அறிவியல் வளர்ச்சி அமைப்பு 1970களிலிருந்து இதை நடத்துகிறது. அறிவியல் மாணவர்களைக் கோடையில் 10 வாரம் செய்தி நிறுவனங்களில் உட்கார வைப்பார்கள். பிரிட்டனில் பிரிட்டிஷ் சயின்ஸ் அசோசியேஷன் நடத்துவதும் அதே சாயல்தான், அங்கே வேலையில் இருக்கும் விஞ்ஞானிகள் சில வாரம் போய் உட்காருகிறார்கள். நம் பக்கம் அப்படி ஏற்பாடாக ஒன்றும் இல்லை. பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தின் (ஐ.ஐ.எஸ்சி.) 'கனெக்ட்' இதழில் மாணவர்கள் எழுதுகிறார்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு என்றால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் 'அவ்சர்' போட்டியைத் தொடங்கியது, தங்கள் ஆய்வைத் தாங்களே எளிமையாக எழுதுவது. பி.எஸ்சி.க்குப் பொருந்தாது.

ஆனால் ஓர் ஆய்வு நிறுவனத்தின் பத்திரிகைத் தொடர்புப் பிரிவில் சில வாரம் இருந்தாலே செய்தி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு எம்பார்கோ. 'நேச்சர்' இதழில் வரப்போகிற கட்டுரை செய்தியாளர்கள் கைக்கு முன்கூட்டியே வந்துவிடும்; ஆனால் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி வரை யாரும் வெளியிடக் கூடாது. நமக்கு அது கோடையில் இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. அந்த நேரத்துக்குத் தமிழ் நாளிதழின் வெளியூர்ப் பதிப்புக்காரர் பக்கத்தை மூடுகிற அவசரத்தில் இருப்பார். அவருக்கு முந்தின நாளே நான்கு பத்தியில், தமிழில், படத்தோடு கொடுத்திருந்தால் செய்தி வரும். ஆங்கில அறிக்கையை ராத்திரி ஒன்பதரைக்கு மெயில் பண்ணிவிட்டு "தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அறிவியலில் அக்கறையில்லை" என்று புலம்புகிற நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்து இன்டர்ன்ஷிப்பில் ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நான் எழுதியதை யார் திருத்துவார்கள்? "கன்டென்ட்" என்ற பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து கட்டுரை கேட்டு, ஒன்றையும் படிக்காமல் ஏற்றிவிடும் இடத்தில் என் பழைய மாணவி ஒருத்தி இருந்தாள். வெளியே வந்தபோது அவளுக்கு வேகமாகத் தட்டச்சு வந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு வேறொரு இடத்தில் ஒரே கட்டுரையை ஒரு மாதம் முழுக்க சிவப்பு மையில் குளிப்பாட்டினார்கள். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் இன்றைய வேலை வாங்கினாள். திருத்தின பக்கங்களையும் சேர்த்தே காட்டினாளாம்.

ஏப்ரல் 3

"எல்லாம் சரி, கடைசியில் வேலை எங்கே?" தலைப்பே அதுதான், நான்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

சயின்ஸ் கம்யூனிகேட்டர் என்ற பெயரில் தேடினால் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. தேசிய அறிவியல் அருங்காட்சியக கவுன்சிலின் கீழுள்ள மையங்களில் எஜுகேஷன் அசிஸ்டென்ட், கியூரேட்டர். ஆய்வு நிறுவனங்களில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் என்று எடுத்து அவுட்ரீச் பார்க்கச் சொல்வார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தொண்டு நிறுவனங்களில் "களப்பணியாளர்". தனியார் பள்ளிகளில் "ஆக்டிவிட்டி டீச்சர்". என் சம்பளச் சீட்டில் என் பதவியைப் படித்தால் நான் ஏதோ கிடங்கு பார்த்துக்கொள்கிறவன் என்றுதான் நினைப்பீர்கள்.

ஒரு பெரிய கதவு மூடியதையும் சொல்ல வேண்டும். அறிவியலை மக்களிடம் கொண்டுபோகிற மத்திய அரசு அமைப்பான விஞ்ஞான் பிரசார் 1989இல் தொடங்கியது, 2023இல் மூடிவிட்டார்கள். 'ட்ரீம் 2047' இதழ், இந்தியா சயின்ஸ் வயர் செய்திச் சேவை எல்லாம் அங்கேயிருந்து வந்தவை. தமிழ் உள்பட இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு படிக்கட்டாக இருந்தது. அதில் ஏறலாம் என்று எண்ணித் தயாராகிக்கொண்டிருந்த சில பேரை எனக்குத் தெரியும். இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ஒருவர் பேங்க் தேர்வு எழுதுகிறார்.

ஆகவே இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். எம்.எஸ்சி. படியுங்கள், பி.எட். யோசியுங்கள், ஏதோ ஓர் அறிவியலில் ஆழமாகக் கால் ஊன்றிக்கொள்ளுங்கள். இன்டர்ன்ஷிப் தருவது பக்கத்துத் திறமை. ஆசிரியர் ஆனாலும் ஆய்வுக்குப் போனாலும் அது கூட வரும்.

ஏப்ரல் 4

நேற்றைய குறிப்பை இன்று படித்தால் கொஞ்சம் சோர்வாக இருக்கிறது. பெங்களூரு சயின்ஸ் கேலரியைச் சொல்ல விட்டேன். அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 2008இல் தொடங்கிய யோசனையின் கிளை. அங்கே கண்காட்சிகளில் இளைஞர்களையே 'மீடியேட்டர்' என்று பயிற்சி கொடுத்து நிறுத்துகிறார்கள். வருகிறவரோடு உரையாடுவதுதான் வேலை, ஒப்பிப்பது இல்லை. பட்டப்படிப்பு முடித்ததும் முயன்று பாருங்கள்.

ஏப்ரல் 17

கேள்வி கேட்டவருக்கு ஒரு முன்னோட்டம் கிடைத்திருக்கிறது. பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் நிழலில்லா நாள் (உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வர, நட்ட பொருளின் நிழல் மறைகிற நாள்) காட்டச் சொன்னேன், நேற்று காட்டியிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

மதுரை, சிவகங்கை வட்டாரத்துக்கு அது ஏப்ரல் 16ஐ ஒட்டி வரும். சென்னைக்கு 24. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் மட்டும், வருடத்துக்கு இரண்டு தடவை. டெல்லிக்காரர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடையாது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்களாம். டெல்லியை ஜெயித்த சந்தோஷம்.

சிக்கல் 12 மணிக்கு வந்தது. சரியாகப் பன்னிரண்டுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நட்டு வைத்துப் பார்த்தால் நிழல் இருக்கிறது. தலைமையாசிரியர் "என்னம்மா, நிழல் இருக்கே?" என்றிருக்கிறார். நம் மாணவி இதற்குத் தயாராகப் போயிருந்தார். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தில். நம் ஊர் அதற்கு மேற்கே ஏறக்குறைய 4 பாகை. பாகைக்கு 4 நிமிடம். ஆக உச்சி 12:16 வாக்கில். பதினாறு நிமிடம் அந்தப் பிள்ளைகள் வெயிலில் நின்று நிழல் சுருங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பையன், "அப்ப நம்ம ஊரு மணி பொய்யா?" என்று கேட்டானாம்.

அந்தக் கேள்வியை எழுதி வையுங்கள் என்று பதில் போட்டேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் 17, மாலை

"புரிஞ்சுதா?" என்று கேட்டதற்கு எல்லோரும் "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸாகச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை மட்டும் இனி கேட்கவே கேட்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அது வணக்கம் சொல்கிற மாதிரி, பதில் தயாராக இருக்கும். அதற்குப் பதிலாக, "நாளைக்கு இதே நேரம் நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று கேளுங்கள். அப்போது வரும் அமைதியில் யாருக்குப் புரிந்தது என்று தெரியும்.

மே 14

அவர் இப்போது இன்டர்ன்ஷிப்பில். எந்த மையம் என்று சொல்லப்போவதில்லை. மூன்று நாள் டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தார்களாம். இது எல்லா இடத்திலும் நடக்கும். நானும் தபால் உறை ஒட்டியிருக்கிறேன். நான்காம் நாளும் தொடர்ந்தால் பொறுப்பாளரிடம் "சார், காலைல கவுன்டர், மதியம் கூடத்துல நிக்கட்டுமா?" என்று பேரம் பேசச் சொன்னேன். பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார்.

இப்போது ஊதுகிற கூடாரக் கோளரங்கத்தோடு பள்ளிகளுக்குப் போகிறார். கோடை முகாம் நடக்கிற பள்ளிகள். உள்ளே முப்பது பிள்ளைகள், காற்றடிக்கும் விசிறி ஓடிக்கொண்டே இருந்தால்தான் கூரை நிற்கும். கரண்ட் போனால் பிரபஞ்சம் மெதுவாகத் தலையில் இறங்கும். "முதல் தடவை பயந்துட்டேன் அண்ணா, பிள்ளைங்க ஜாலியா இருந்தாங்க" என்று எழுதியிருக்கிறார். மே மாத வெயிலில் அந்தக் கூடாரத்துக்குள் இருக்கிற வாசனையைப் பற்றி அவர் எழுதவில்லை, எனக்கு எழுதாமலே தெரியும்.

மே 15

சென்னை வாசகர் ஒருவர் கடலாமை நடையைச் சேர்க்கச் சொல்கிறார். உண்மைதான், எப்படி விட்டேன். மாணவர்கள் 1988இலிருந்து நடத்துவது, ஸ்டூடன்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க். ஜனவரி முதல் ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருவார்கள். வார இறுதியில் பொதுமக்களும் கூட நடக்கலாம். நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், ஓர் ஆமையும் வராத ராத்திரியில் கூட்டத்தைப் பேச்சாலேயே நடக்க வைத்தவர்களுக்கு நான் தனியாகப் பயிற்சி கொடுக்கத் தேவையிருக்காது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் கரை ஒதுங்கின. அப்போது நடந்தவர்களிடம் மக்கள் கேட்டது முட்டையைப் பற்றி இல்லை, ஆமைகள் சிக்குகிற வலையை இழுக்கும் இழுவைப் படகுகளைப் பற்றி. அதற்குப் பதில் சொல்ல மீனவர் பக்கத்தையும் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும். கோளரங்கத்தில் இந்தக் கஷ்டம் கிடையாது. சனிக்கோளுக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

சோதிடர்கள் தவிர.

ஜூன் 19

ரிப்போர்ட் பிரச்சினை. கல்லூரி கேட்பது ஐந்து அத்தியாயம்: முன்னுரை, முன் ஆய்வுகள், முறை, முடிவுகள், முடிவுரை. "நான் செஞ்சது பேச்சு, இதுல முடிவுகள்ல என்ன எழுத?" என்று கேட்கிறார்.

ஏப்ரல் 17இல் கேள்வியை எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கப் பார்வையாளர் கேள்விகளை, வயது, இடம், எந்தக் காட்சிப்பொருள் என்று குறித்து வைத்திருக்கிறார். அதுதான் தரவு. எந்தப் பொருளின் முன்னால் "எப்படி" வருகிறது, எதன் முன்னால் "எதுக்கு" வருகிறது, எங்கே கேள்வியே வருவதில்லை என்று பிரித்து அட்டவணை போட்டால் மூன்றாம், நான்காம் அத்தியாயம் தயார். அந்த மையத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொன்னேன். கேள்வியே வராத பொருள் எது என்று அவர்களுக்கு யாரும் இதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜூலை 8

வைவா முடிந்தது. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதல் கேள்வியாக, "இதுல பிசிக்ஸ் எங்கம்மா இருக்கு?" என்றிருக்கிறார். இவர் அட்டவணையைத் திருப்பி "அப்ப நம்ம ஊரு மணி பொய்யா?" என்ற வரியைக் காட்டி, அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் சார் என்று கேட்டிருக்கிறார். தீர்க்கரேகை, நேரச் சமன்பாடு என்று பேராசிரியர் பத்து நிமிடம் பலகையில் எழுதினாராம். மதிப்பெண் நன்றாக வந்திருக்கிறது. இந்த உத்தியை எல்லோரும் முயல வேண்டாம், எல்லாப் பேராசிரியரும் பலகைக்குப் போக மாட்டார்கள்.

ஆகஸ்ட் 21

இழை நீண்டுவிட்டது, இன்னும் ஒரு வேலை பாக்கி. 2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம். 9:57க்குப் பூமியின் நிழல் நிலவைத் தொடும், 11 மணியிலிருந்து 12:22 வரை முழுதாகச் சிவப்பு. மதுரைப் பக்கம் இருக்கிற மாணவர்கள் யாராவது மொட்டை மாடியில் பத்துப் பேரைக் கூட்டிக் காட்டத் தயாரா? இதற்கு ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேண்டாம். கண்ணாடியும் வேண்டாம், 2019 டிசம்பர் சூரிய கிரகணத்துக்கு வாங்கியதைத் தேடிக்கொண்டு பரணில் ஏறாதீர்கள், அதைப் போட்டால் நிலவே தெரியாது. வெறும் கண் போதும். கர்ப்பிணிகள் வெளியே வரலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். பாட்டியைக் கிண்டல் செய்யாமல் பதில் சொல்லிப் பழகுங்கள், பாட்டி கோபித்துக்கொண்டு கீழே போனால் கூடவே பாதிக் கூட்டம் போகும்.

சுண்டல் செலவு என்னுடையது. கேள்வி கேட்டவர் இந்தத் தடவை இரண்டு முதலாமாண்டுப் பிள்ளைகளோடு வருகிறாராம், பேசப்போவது அவர்கள். மேகம் போட்டால் என்ன பேசுவது என்று இப்போதே கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 21, இரவு

மேகம் போட்டால் முதலில் சுண்டலைக் கொடுங்கள். பிறகு ஒரு டார்ச், ஒரு கொய்யாப்பழம், ஒரு எலுமிச்சை. எங்கே யாரை நிறுத்துவது என்று கூட்டத்தையே சொல்ல விடுங்கள்.